இந்தத் தபால் எந்த சீட்டுக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலை லியோனிலிருந்து என் அக்கா பேத்தி பேசினாள். அங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள். புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்கள் குடும்பத்திலும் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. நலம் விசாரித்து முடித்ததும், "சின்ன தாத்தா, உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றாள். ஐரோப்பாவில் காலநிலைச் சட்டம் என்பது தனி ஒரு சட்டத்துறையா, இல்லை சுற்றுச்சூழல் சட்டத்தின் ஒரு கிளையா என்று அவளைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம்.

"பேராசிரியருங்களே ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க தாத்தா. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சட்டம் படித்தவன் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு. 1973இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கடலூர், சிதம்பரம் பக்கத்து அலுவலகங்களில் கோப்பு கட்டி, 2009இல் ஓய்வு பெற்றவன். "எனக்குத் தெரிஞ்ச சட்டக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதாம்மா. இந்தத் தபால் எந்த சீட்டுக்கு? அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். எனக்குத்தான் மதியத் தூக்கம் போயிற்று. ஒரு வாரமாகப் பழைய புத்தகங்களையும் குறிப்புகளையும் புரட்டி, அவளுக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பதிவிடுகிறேன்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காத நண்பர்களுக்காக முதலில் சீட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலையில் தபால் பிரித்ததும் ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போடுவார்கள். ஏ-1, பி-3, எஃப்-2 என்று. அதுதான் சீட். அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்தத் தபாலைத் தன்பதிவேட்டில் ஏற்றி, எண் கொடுத்து, கெடுவுக்குள் குறிப்பு வைக்க வேண்டும். தவறினால் மெமோ வரும். எந்த சீட்டிலும் அடங்காத தபால் ஒன்று வந்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். "இது நம்ம சப்ஜெக்ட் இல்லை" என்ற குறிப்போடு ஒரு மாதம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த தபால்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோப்பு முடிந்த பிறகும் ஒரு கணக்கு உண்டு. எல்.டிஸ். என்று முடித்தால் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். என்றால் பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். காலம் முடிந்த கோப்புகளைப் பதிவறை எழுத்தர் பட்டியல் போட்டு, ஒப்புதல் வாங்கி, அழித்துவிடலாம். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம். 1957இல் ரோமில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் என்ற தலைப்பே கிடையாது. அது சந்தைக்காகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்தத் தலைப்பு உள்ளே வந்தது முப்பது ஆண்டு கழித்து, 1987இல் நடைமுறைக்கு வந்த ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தின் மூலம். காலநிலை மாற்றம் என்ற சொல் ஒப்பந்தத்துக்குள் நுழைய இன்னும் இருபத்திரண்டு ஆண்டு. 2009இல் அமலான லிஸ்பன் ஒப்பந்தம், சுற்றுச்சூழல் கொள்கையின் நோக்கங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதற்குள் 2005லேயே மின் நிலையங்களும் பெரிய ஆலைகளும் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு வைத்து, அந்த அனுமதிகளை வாங்கி விற்கும் ஏற்பாடு தொடங்கிவிட்டது.

அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த விவரம். 2010 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையத்தில் சுற்றுச்சூழல் இயக்குநரகத்தைப் பிரித்து, காலநிலைக்கென்று தனி இயக்குநரகம் வைத்தார்கள். அதாவது சீட் கிடைத்துவிட்டது. 2021 ஜூன் 30 அன்று 'ஐரோப்பியக் காலநிலைச் சட்டம்' என்றே பெயரிட்ட சட்டமும் வந்தது. 1990ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டால் 2030க்குள் நிகர வெளியீடு குறைந்தது 55 விழுக்காடு குறைய வேண்டும், 2050க்குள் வெளிவிடுவதும் உள்வாங்குவதும் நேராக வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆணையம் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

அப்படியானால் தனித்துறைதானே என்று கேட்கலாம். இங்கேதான் பேராசிரியர்கள் பிரிகிறார்கள். அந்தச் சட்டத்தை எந்த அதிகாரத்தின் கீழ் இயற்றினார்கள் என்று பார்த்தால், ஒன்றிய ஒப்பந்தத்தின் 192ஆம் பிரிவு, அதாவது சுற்றுச்சூழல் தலைப்பு. பிள்ளை தனிக்குடித்தனம் போனாலும் குடும்ப அட்டை இன்னும் தாய் வீட்டில்தான். பிரான்சிலும் அப்படியே. அங்கே சட்டங்களை 'கோத்' என்னும் தொகுப்புகளாகக் கட்டி வைப்பார்கள். குடியியல் கோத், வன கோத், எரிசக்தி கோத் என்று. சுற்றுச்சூழல் கோதைத் திறந்தால் பசுங்குடில் விளைவு என்ற அத்தியாயம் 'காற்றும் வளிமண்டலமும்' என்ற தலைப்பின் கீழ் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. மீதிக் காலநிலை விதிகளில் ஒரு பகுதி எரிசக்தி கோதில்.

இவ்வளவும் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூட நினைவு வந்தது. கோல்பேர் மந்திரி 1669இல் கொண்டுவந்த 'ஓ எ ஃபொரே' ஆணையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் ஒப்பித்திருக்கிறேன். 'நீரும் காடும்' என்று பொருள். இரண்டும் ஒரே இலாகா. சிறுவனாக இருந்தபோது நீரும் காடும் ஏன் ஒரே தலைப்பில் என்று யோசித்ததில்லை. காடு நீரைப் பிடித்து வைக்கும் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருப்பதாக இப்போது தோன்றுகிறது.

காலநிலை சட்டத்துக்குள் வந்தது புதிது என்று நாம் நினைக்கிறோம். புதிது இல்லை. 1769இல் மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியேர் புவாவர், காட்டை வெட்டினால் மழை குறையும் என்று வாதாடி, காடு காக்கும் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தார். ஏழே ஆண்டில், 1776இல், ஆங்கிலேயர்கள் டொபாகோ தீவின் மலைமுகட்டுக் காட்டை மழைக்காகவே ஒதுக்கி வைத்தார்கள். நம் சென்னை மாகாணத்துக்கு 1856இல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெக்ஹார்ன் சென்னையிலேயே பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். வெப்ப நாடுகளில் காடழிவதன் விளைவுகள் பற்றி 1851லேயே பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அறிக்கை கொடுத்தவர்களில் ஒருவர். அவர்களுடைய மழைக் கணக்கு எல்லா இடத்திலும் சரியா என்பது வேறு பேச்சு. ஆனால் சட்டத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் காலநிலை.

காரணம் போய், வேலி மட்டும் நின்றது. 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டமாக இருக்கிறது. அதில் காப்புக்காடு, எல்லைக்கல், அனுமதிச்சீட்டு, அபராதம் எல்லாம் உண்டு. நடைமுறையில் காடு என்றால் ஏலம் விடும் சரக்கு.

பிச்சாவரமே இதற்குச் சாட்சி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை இன்று நிற்பது இந்தச் சேற்றில்தான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். அந்தப் பகுதிக்குக் 'கூப்பு' என்று பெயர். கூப்பு ஏலம், கூப்பு காண்டிராக்ட் என்று பெரியவர்கள் பேசியது இங்கே பலருக்கு நினைவிருக்கும். அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பிரெஞ்சு. 'கூப்பே' என்றால் வெட்டு. 1860களின் இறுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு இந்திய வனப்பணிக்கு வந்த ஆங்கிலேயர் பலர் பிரான்சின் நான்சி நகர வனப்பள்ளியில் பயின்றவர்கள். 'நீரும் காடும்' என்று சேர்த்துச் சொன்ன அந்த மரபில் நமக்கு வந்து நிலைத்த சொல் வெட்டு என்பதுதான். பள்ளியில் படித்த பிரெஞ்சு உத்தியோகத்தில் எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை. இந்த ஒரு சொல்லைக் கோப்பில் பார்த்தபோது மட்டும் பழைய சிநேகிதரைக் கண்டதுபோல் இருந்தது.

மொட்டையடித்த இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமாயிற்று. பள்ளத்தில் தங்கிய கடல்நீர் ஆவியாகி, உப்பு ஏறி, மறுபடி கண்டல் முளைக்காமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்ட பிறகுதான் அந்தப் பள்ளங்கள் பசுமையாயின. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அடுத்த ஆண்டு 'சயன்ஸ்' இதழில் நம் மாவட்டத்தைப் பற்றியே ஆய்வு வந்தது.

இன்னொரு பழைய காலநிலைச் சட்டமும் நம்மிடம் உண்டு. 1876இல் தாது வருஷப் பஞ்சம். அந்தக் காலக் கதைகளை என் பாட்டி அவருடைய பாட்டி சொன்னதாகச் சொல்வார். அதற்குப் பின் 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்து, மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. மழை தவறினால் எந்த அறிகுறியைப் பார்த்து எப்போது நிவாரண வேலை தொடங்குவது, யார் தொடங்குவது என்றெல்லாம் அதில் விதி இருந்தது. பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார், கலெக்டர். ஆனால் அது வந்த பஞ்சத்தைச் சமாளிக்கும் சட்டம். புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம், 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் எல்லாம் ஏறக்குறைய அதே வழியில் வந்தவை. நிகழ்ச்சி வரும், கோப்பு திறக்கும். நிகழ்ச்சி முடியும், கோப்பு மூடும்.

சுற்றுச்சூழலுக்கு இந்தியாவில் சீட் கிடைத்தது நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில். 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாடு. 1974இல் நீர் மாசுச் சட்டம். 1976இல் 42ஆம் திருத்தம் மூலம் அரசியலமைப்பில் 48-ஏ பிரிவு. 1981இல் காற்று மாசுச் சட்டம். 1982இல் நம் மாநிலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 1984 போபாலுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் 1991இல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்ற கணக்கு அதில்தான் வந்தது.

இனி நான் சொல்லப்போவது என் சொந்தக் கதை. அலுவலகத்தின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

எழுபதுகளில் ஒரு புயலுக்குப் பிறகு, கடலோரக் குப்பம் ஒன்றில் உப்புநீர் எதுவரை ஏறியது என்று வருவாய் ஆய்வாளர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார். எந்தெந்த சர்வே எண்ணில் நாற்று கருகியது, எந்தக் கிணறு கெட்டது, அதற்கு முன் அங்கே என்ன பயிர் இருந்தது என்று விவரமாக எழுதி, கையால் ஒரு வரைபடமும் போட்டு வைத்தார். அருமையான அறிக்கை. நிவாரணம் கொடுத்து முடிந்ததும் கோப்பை டி.டிஸ். என்று மூடினார்கள். பத்தாண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் நான் பதிவறையில் இருந்தேன். அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலை நான்தான் எழுதினேன். அதில் அதுவும் ஒன்று. புரட்டிப் பார்த்தேன், வரைபடம் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன், கட்டில் போட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் வந்தன. கடல்நீரை உள்ளே ஏற்றிக் குளம் கட்டுவார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உவர்த்துப் போகும். அந்தக் குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் நகல் மனு எடுத்துக்கொண்டு வந்தார். பண்ணைக்காரர் தரப்பில், "இது காலங்காலமா உப்பு நிலம்தான், நாங்க ஒண்ணும் கெடுக்கலை" என்று சொல்கிறார்களாம். புயலுக்கு முன் அது விளைநிலம், புயலின் உப்பு இரண்டு மூன்று மழையில் கழுவிப் போய் மறுபடி விளைந்தது, பண்ணை வந்த பிறகுதான் நிரந்தரமாகக் கெட்டது என்று அவர் நிரூபிக்க வேண்டும். அடங்கல் நகல் வாங்கி வைத்திருந்தார். அதில் சில பசலிகளுக்குத் 'தரிசு' என்று மட்டும் இருந்தது. ஏன் தரிசு என்று இல்லை. அந்த ஏன் இருந்த ஒரே காகிதம் அந்த அறிக்கை.

"கெடு முடிஞ்சு அழிச்சாச்சுங்க ஐயா" என்றேன்.

"அழிச்சதுக்குக் காயிதம் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இருந்தது. பட்டியல் இருந்தது, என் கையெழுத்தோடு. எடுத்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கோப்பின் தலைப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "ஆக, இருந்துதான் இருக்கு" என்றார். மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். விதியை யாரும் மீறவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டாக அது என்னை விட்டுப் போகவில்லை.

பிறகு நடந்தது பொது வரலாறு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்ற உத்தரவிட்டது. மாசு செய்தவரே இழப்பைத் தர வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் அந்தத் தீர்ப்பில் உண்டு. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது. ஒரு சீட் மூடியதை இன்னொரு சீட் திறந்தது.

இந்த மாவட்டத்தில் இன்றும் அதுதான் நிலை. சிதம்பரம் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் 2020இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் இருக்கின்றன. அங்கே புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் தோண்டக் கூடாது. அதே மாவட்டத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கும் எரிப்பதற்கும் வேறு சட்டங்கள், வேறு அமைச்சகங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது, 2015 நவம்பர் வெள்ளம் பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களைக் கொண்டு போனது. அவையெல்லாம் நிவாரண சீட். இவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும் சட்டம் எது?

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஏறக்குறைய இதையே கேட்டாள். காலநிலை மாற்றத்தை அரசு சட்டப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பது மனு. சுற்றுச்சூழல் சட்டத்தின் தாக்க மதிப்பீட்டிலேயே அது அடங்கும், தனி உத்தரவு தேவையில்லை என்று 2019இல் மனு முடிக்கப்பட்டது. அதாவது, தாய் வீட்டிலேயே இருக்கட்டும் என்று.

2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பேசியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் பறவை மின்கம்பியில் அடிபட்டுச் சாகாமல் காக்க வேண்டும் என்று எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கு. ஒரு பக்கம் பறவை, மறு பக்கம் சூரிய மின்சாரம். சுற்றுச்சூழலும் காலநிலையும் எதிர் எதிரே நின்ற வழக்கு என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றேதான் என்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியது என்று நீதிமன்றம் சொன்னது. இதற்கென்று நாட்டில் ஒருங்கிணைந்த சட்டம் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. 2070க்குள் நிகர வெளியீடு பூஜ்யம் என்று நாம் 2021இல் கிளாஸ்கோவில் சொன்னது அறிவிப்பு. அந்த எண் எந்தச் சட்டத்திலும் இல்லை.

தமிழ்நாட்டில் சீட் வந்துவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். துறையின் பெயரே 2021இல் 'சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை' என்று மாறியது. மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் வைத்து, ஆட்சியரைத் தலைமையாகவும் மாவட்ட வன அலுவலரைக் காலநிலை அலுவலராகவும் போட்டிருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் இது அரசாணை. அரசாணையை இன்னொரு அரசாணை மாற்றும். சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் வேறு.

என்ன வேறுபாடு என்பதற்குப் பிரான்சிலிருந்தே ஓர் உதாரணம். டன்கெர்க் பக்கத்தில் கிராந்த் சேந்த் என்று ஒரு சிற்றூராட்சி. நம் கிள்ளை மாதிரி கடலோரத்துத் தாழ்வான பகுதி. கடல் ஏறினால் நாங்கள் மூழ்குவோம், அரசு சொன்னபடி வெளியீட்டைக் குறைக்கிறதா என்று அந்த ஊராட்சி பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2020 நவம்பரில் வழக்கை ஏற்றார்கள். 2021 ஜூலை 1 அன்று, 2030க்குள் 40 விழுக்காடு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறீர்கள், இப்போது போகிற வேகத்தில் அது நடக்காது, 2022 மார்ச் 31க்குள் வேண்டிய நடவடிக்கை எடுங்கள் என்று அரசுக்கு உத்தரவு. சட்டத்தில் எண் இருந்தது, அதனால் கேட்க முடிந்தது.

2024 ஏப்ரல் 9 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் சுவிட்சர்லாந்தின் மூதாட்டிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் சங்கம் வென்றது. என் வயதுக்காரிகள். வெயிலில் முதலில் சாவது நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். நாடு மொத்தம் எவ்வளவு வெளிவிடலாம் என்று வரம்பு கட்டிக் கணக்கு வைக்கவில்லை என்பது அரசின் மேல் நீதிமன்றம் சொன்ன குறைகளில் முக்கியமானது.

ஆக, பேத்திக்கு நான் எழுதிய பதில் இது. பிரெஞ்சில் 'க்ளிமா' என்கிறோம். கிரேக்க மூலத்தில் அதற்குச் சாய்வு என்று பொருள். பூமியின் எந்தச் சாய்வில் இருக்கிறோம் என்பது, அதாவது இடத்தைக் குறித்த சொல். தமிழில் காலநிலை என்கிறோம். சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டம் பெரும்பாலும் இடத்தைப் பார்க்கிறது: இந்த ஆறு, இந்த ஆலை, இந்த 500 மீட்டர். நிவாரணச் சட்டம் நிகழ்ச்சியைப் பார்க்கிறது. காலநிலைச் சட்டத்தின் பொருள் ஆண்டுகள். 1990 அளவு என்ன, 2030இல் என்ன, 2050இல் என்ன, நடுவில் யார் கணக்குப் பார்ப்பது. சராசரி வானிலையைக் கணிக்கவே முப்பது ஆண்டுப் பதிவு வேண்டும் என்கிறார்கள் வானிலையாளர்கள். பத்தாண்டில் அழிக்கும் கோப்பில் அது அடங்காது. அதனால் அது தனி என்றே நான் எழுதினேன்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன். தனி சீட் போட்டதும் மற்ற சீட்டுக்காரர்கள் "அது அவங்க சப்ஜெக்ட்" என்று கை கழுவிவிடுவார்கள். இது முப்பத்தாறு ஆண்டு அனுபவம். மின்சாரமும் போக்குவரத்தும் விவசாயமும் தொழிலும் அவரவர் சீட்டிலேயே வேலையைச் செய்ய வேண்டும். எல்லாப் பிரிவும் செலவு செய்கிறது, கணக்குப் பிரிவு மட்டும் தனியாக உட்கார்ந்து எல்லோரையும் கேட்கிறது அல்லவா, அந்த மாதிரி. வேலை எல்லோருக்கும் பொது, கணக்கும் கெடுவும் கேள்வி கேட்கும் அதிகாரமும் தனி. ஐரோப்பாவில் அந்தச் சட்டம் சுற்றுச்சூழல் தலைப்பின் கீழ் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாதே, பிறந்த வீடு எது என்பதைவிடப் பதிவேடு யார் கையில் என்று பார் என்று முடித்தேன்.

நேற்று மறுபடி பேசினாள். பேராசிரியரிடம் காட்டினாளாம். சிரித்தாராம், அடிக்குறிப்பில் தாத்தாவைப் போட முடியாது என்றாராம். டிசம்பரில் வருகிறாள், பிச்சாவரம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறாள்.

கடலோர ஊர்களில் இருக்கும் வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மனு நகல், வெள்ள நிவாரணக் காகிதம், கிணறு உவர்த்ததாகத் தாத்தா கொடுத்த விண்ணப்பம், தேதியோடு ஒரு புகைப்படம், ஏதாவது இருந்தால் போகிப் பண்டிகைக்குக் கொளுத்திவிடாதீர்கள். அரசாங்கத்திடம் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள். பட்டியல் எழுதியவன் சொல்கிறேன்.